"அப்ப எதுக்கு சார் சோதிக்கிறீங்க?"

"எங்க காட்டு மஞ்சள்தான் சார், மருந்தே அடிக்காதது. அப்பா கால்ல வெச்சுக் கட்டலாமா?" என்று கேட்டார் அரூர்ப் பக்கத்து இளைஞர். அப்பாவுக்குச் சர்க்கரை, பாதத்தில் ஆறாத புண், புண்ணிலிருந்து எடுத்து வளர்த்துப் பார்த்த கல்ச்சரில் சூடோமோனாஸ் என்ற கிருமி. "வேண்டாம்" என்றேன். "அப்ப எதுக்கு சார் இங்க மஞ்சளை வெச்சு சோதிக்கிறீங்க?" என்றார். "அது வேற, இது வேற" என்று அனுப்பிவிட்டேன்.

வேறுதான். எங்கள் லேபில் நாங்கள் சோதிப்பது பொடியை அல்ல, மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமினை. கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு கட்டும் படலத்தை அது குறைக்கிறதா என்று பார்க்கிறோம். அது தண்ணீரில் கரையாது. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, கிருமி வளரும் தட்டின் குழியில் டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்தைத் தாண்டாமல் விட வேண்டும். 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, கழுவி, 0.1 சதவீத கிரிஸ்டல் வயலட் சாயத்தை 15 நிமிடம் ஏற்றி, மறுபடி கழுவ வேண்டும். கழுவும் கைதான் முக்கியம். பைப்பெட் முனை சுவரில் உரசினாலே படலம் உரிந்துவிடும். எவ்வளவு சாயம் ஒட்டியிருக்கிறது என்ற ரீடிங் இறங்கும், மருந்து வேலை செய்தது போலவே தெரியும். செத்த கிருமியிலும் சாயம் ஏறும் என்பதால் உயிரோடு இருப்பவை வளர்ந்து கட்டும் காலனியையும் எண்ணாமல் நம்பக் கூடாது.

அதோடு, குர்குமினை முதலிலேயே விட்டால் படலம் உருவாவதைத்தான் தடுக்கிறோம். அந்தப் பெரியவர் காலில் இருப்பதோ ஏற்கெனவே முற்றிய படலம். குர்குமினும் பூண்டிலிருந்து கிடைக்கும் அஜோயின் என்ற பொருளும் கிருமிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ரசாயன சமிக்ஞையைக் குலைப்பவை. கிருமியை அடியோடு கொல்பவை அல்ல. புண்ணைச் சுரண்டி எடுத்து, படலம் மறுபடி கட்டுவதற்குள் ஆன்டிபயாடிக் போய்ச் சேர வேண்டும். அதற்குத் துணையாகத்தான் இவற்றைப் பார்க்கிறோம்.

பொடியில் குர்குமின் சுமார் 3 சதவீதம். மற்றதில் பெரும்பகுதி மாவும் நாரும், கூடவே களத்துத் தூசி. மஞ்சளை வேகவைத்தாலும் மண்ணிலுள்ள கிருமிகளின் ஸ்போர்கள், அதாவது சூட்டைத் தாங்கும் உறங்கு வித்துகள், சாகாது. கட்டிய பிறகு புண் சிவந்திருக்கிறதா, அழுகியிருக்கிறதா என்பதே மஞ்சள் கறையில் தெரியாது.

இவ்வளவையும் அவரிடம் சொல்லியிருந்தால்? "லேப்லயே மஞ்சள் வேலை செய்யுதாம்" என்பது மட்டும் மனதில் தங்கி, அன்றைக்கே வைத்துக் கட்டியிருக்கலாம். அந்தப் பயத்தில்தான் சுருக்கமாகச் சொன்னேன். இன்று கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் காரணம் தெரியாத "வேண்டாம்" வீட்டுப் படியைத் தாண்டி நிற்குமா என்பது சந்தேகம்தான். சுரண்டிச் சுத்தம் செய்யும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதையாவது சேர்த்துச் சொல்லலாம். சுரண்டுவது என்ற சொல்லைக் கேட்டதும் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் போகிறவர்களும் இருக்கிறார்கள்.