அதீனாவிடம் தோற்ற பெரியப்பாவைத் தேடி சூனியோன் வரை

ஏதென்ஸின் கோயில் குன்றான அக்ரோபோலிஸுக்கு நுழைவுச்சீட்டு 30 யூரோ. கையிலிருந்த பட்ஜெட்டுக்கு அது ஒரு முழு நாள் சாப்பாட்டுக் காசு, வயிறு எரிந்தது. மேலே ஏறி எரெக்தியோன் கோயிலின் வடக்கு மண்டபத்தைப் பார்த்ததும் அந்த எரிச்சல் போய்விட்டது. அங்கே தரையில் ஓர் இடத்தை மூடாமல் விட்டு, அடியிலிருக்கும் பாறையின் குழிகள் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். கடல் தெய்வம் பொசைடன் திரிசூலத்தால் குத்திய தடம் அது என்று அக்காலத்தவர் நம்பினார்கள். நேர் மேலே கூரையிலும் திறப்பு உண்டு.

ஏதென்ஸ் யாருக்கு என்று அவருக்கும் ஞானத் தெய்வம் அதீனாவுக்கும் போட்டி. பொசைடன் பாறையைக் குத்தி உப்புநீர் ஊற்றை வரவழைத்தார். அதீனா ஆலிவ் மரத்தை முளைக்கச் செய்து ஜெயித்துவிட்டார். கோபம் தாங்காமல் பொசைடன் சமவெளிக்குள் கடலை ஏவிவிட்டார் என்கிறது கதை.

மத்தியானம் மலையடிவாரத்துச் சந்தில் ஒரு சின்னக் கடையில் சாலட் சொன்னேன். தக்காளி, வெள்ளரி, வெங்காயம், மேலே முழுத் துண்டாக ஃபெட்டா, அதன்மேல் ஓரிகானோ. இத்தனைக்கும் அடியில் பச்சை நிறத்தில் ஆலிவ் எண்ணெய் தேங்கி நின்றது. ரொட்டியைப் பிய்த்துத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டேன். கசப்பும் காரமும் தொண்டை வரை போயின. தீர்ப்பு சரியானதுதான்.

இவர்களின் உறவுமுறை எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் கணக்கில், தெய்வங்களின் அரசன் ஜீயஸ் கடைக்குட்டி. பிள்ளைகளால் ஆட்சி போய்விடும் என்று பயந்த தந்தை குரோனஸ், ஹெஸ்டியா, டிமீட்டர், ஹீரா, ஹேடிஸ், பொசைடன் ஐவரையும் பிறந்ததுமே விழுங்கிவிடுகிறார். ஜீயஸ் பிறந்தபோது தாய் ரியா துணி சுற்றிய கல்லைக் கொடுத்து ஏமாற்ற, வளர்ந்து வந்த ஜீயஸ் அத்தனை பேரையும் கக்க வைக்கிறார். அப்படிப் பார்த்தால், ஜீயஸின் தலையிலிருந்து பிறந்த அதீனாவுக்குப் பொசைடன் பெரியப்பா. இன்னொரு கவிஞர் ஹோமரிலோ ஜீயஸ்தான் மூத்தவர், ஆகவே பொசைடன் சித்தப்பா! கவிஞருக்குக் கவிஞர், ஊருக்கு ஊர் கதை மாறும். பன்னிரண்டு தெய்வங்கள் என்று பட்டியலை மனப்பாடம் செய்வதில் பயனில்லை, கோயில் கோயிலாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அப்படித்தான் பொசைடன் கோயில் இருக்கும் சூனியோன் கடல்முனைக்குக் கிளம்பினேன். ஏதென்ஸிலிருந்து சுமார் 70 கி.மீ. டாக்ஸிக்காரர் ஒருவர் போக வர 150 யூரோ கேட்டார், மீட்டர் போட மாட்டாராம். வேண்டாம் என்றதும் “இன்றைக்குப் பஸ் வராது” என்றார். சுத்தப் பொய். பஸ் வந்தது. ஆனால் ஏசி வேலை செய்யவில்லை, ஜன்னலும் திறக்கவில்லை, இரண்டு மணி நேரம் வெந்தோம். போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.

முனையில் இறங்கியதும் அலுப்பெல்லாம் பறந்துவிட்டது. கடலுக்கு நேர் மேலே, செங்குத்தான பாறை விளிம்பில் பொசைடன் கோயில். கி.மு. 440களில் எழுந்தது. தூண்களில் வழக்கமான 20 வரிப்பள்ளங்களுக்குப் பதில் 16தான், வெயிலில் மெலிந்து தெரிகின்றன. ஒரு தூணில் பைரன் பெயர் செதுக்கியிருக்கிறது. பெரிய கவிஞர் என்றாலும் அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னைத் துள்ள வைத்தது வேறு. பக்கத்தில் தாழ்வான குன்றில் இன்னொரு கோயிலின் அடித்தளம் கிடக்கிறது, அது அதீனாவுடையது. நகரத்தில் உச்சி அவருக்கு, கப்பல்காரர்கள் கும்பிடும் இந்த முனையில் உச்சி பெரியப்பாவுக்கு! பெரும்பாலோர் அந்தக் குன்றுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

ஏதென்ஸ் திரும்பியதும் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகம். அக்ரோபோலிஸ் அளவுக்குச் செலவில்லை, அரை நாளாவது ஒதுக்குங்கள். தென் கிரேக்கத்துப் பைலோஸ் அரண்மனையின் களிமண் எழுத்துப் பலகைகள் அங்கே இருக்கின்றன, சுமார் கி.மு. 1200. அதுவரை யாராலும் வாசிக்க முடியாத அவற்றின் எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் வாசித்த பிறகுதான், பைலோஸ் படையல் கணக்குகளில் ஜீயஸை விடப் பொசைடனே அதிகம் வருகிறார் என்று தெரிந்தது. ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கே அவர்தான் பெரிய சாமி.

வேறொரு கூடத்தில், ஆர்டெமிசியோன் முனைக் கடலில் கிடைத்த வெண்கலச் சிலை. இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், எறியத் தயாராக ஓங்கிய வலக்கையில் ஆயுதம் இல்லை. அது பொசைடனின் சூலமா, ஜீயஸின் இடியா என்று இன்னும் வழக்கு நடக்கிறது. சூலமாக இருந்தால் தண்டு முகத்தை மறைக்கும், ஆகவே ஜீயஸ்தான் என்பது பலர் வாதம். நான் பொசைடன் கட்சி. ஆனாலும் பக்கவாட்டில் நின்று நெடுநேரம் பார்த்த பிறகு, அது ஜீயஸ் என்றுதான் எனக்கும் பட்டது.