ஞானப்பல் பிடுங்கிக்கொண்டவர்

2005 ஆம் ஆண்டு சென்னையிலிருந்து லண்டன் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் அலுவலகத்தில் அப்ரைசல் என்ற வேலை மதிப்பீட்டுப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். காப்பீட்டு நிறுவனம், கணக்குப் பிரிவு. இன்னும் இரண்டு வருடத்தில் எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, டீம் லீடராக என்று எழுதி, அதற்கு நான் ஏன் தகுதியானவன் என்று ஆறு காரணங்களையும் வரிசையாகப் போட்டேன். சென்னையில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள், நம்மைப் பற்றி நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? மேலாளர் படித்துவிட்டு லேசாகச் சிரித்து, "ஆம்பிஷஸ்" என்றார். நான் "தேங்க் யூ" என்றேன்.

அது பாராட்டு இல்லை என்று புரிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. புரிய வைத்தவர் பக்கத்து மேசைக்காரர். யார்க்‌ஷயர் ஆள், ஓய்வு பெற நான்கு வருடம் இருந்தது, ஆயுள் முழுக்க லேபர் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர். ஆனால் எதிரணியான கன்சர்வேடிவ் கட்சிக்குள் தலைவர் பதவிச் சண்டை வந்துவிட்டால் மனிதருக்குத் திருவிழாதான். அந்த இலையுதிர் காலத்தில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

முன்னால் இருந்தவர் டேவிட் டேவிஸ். தாய் மட்டுமே வளர்த்த பிள்ளை, அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர், எம்.பி.க்களின் ஆதரவும் ஆரம்பத்தில் அவருக்குத்தான் அதிகம். அக்டோபரில் பிளாக்பூல் மாநாட்டுக்குப் பெண்கள் அவர் பெயரின் முதலெழுத்துகள் போட்ட டி-ஷர்ட் அணிந்து வந்தார்கள், அவர் மேடையில் வாசித்த உரை எடுபடவில்லை. பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியில் படித்த டேவிட் கேமரன் கையில் ஒரு காகிதமும் இல்லாமல் மேடையில் நடந்துகொண்டே பேசினார். டிசம்பரில் கட்சி உறுப்பினர்களின் ஓட்டை எண்ணியபோது கேமரனுக்கு 134,446, டேவிஸுக்கு 64,398. "அந்த டி-ஷர்ட்தான் உன் ஆறு காரணங்கள்" என்றார் யார்க்‌ஷயர்க்காரர். எனக்குச் சுருக்கென்றது.

அதற்குப் பிறகு மாலை மூன்றரை மணித் தேநீர் நேரமெல்லாம் எனக்கு வகுப்பு. 1990 இல் பிரதமராக இருந்த தாட்சரைக் கட்சிக்குள்ளேயே எதிர்த்துப் போட்டியிட்டு அவரை இறங்க வைத்தவர் ஹெசல்டைன், கிரீடம் அவருக்குப் போகவில்லை. அந்தச் சண்டை உச்சத்தில் இருந்த நாட்களில் ஜான் மேஜர் ஹன்டிங்டன் வீட்டில் ஞானப்பல் பிடுங்கிக்கொண்டு படுத்திருந்தார். இரண்டாம் சுற்றில் அவருக்கு 185 ஓட்டு, ஹெசல்டைனுக்கு 131, பிரதமர் நாற்காலி மேஜருக்கு. 1995 இல் மேஜருக்கே சவால் வந்தபோது அவருடைய அமைச்சர் போர்ட்டிலோ போட்டியில் இறங்கவில்லை, ஆனால் அவருடைய ஆட்கள் ஒரு வீட்டில் பிரச்சாரத்துக்காக டெலிபோன் லைன்கள் போட்டுத் தயாராக இருந்தது வெளியே தெரிந்துவிட்டது. போட்டியிட்டிருந்தால்கூட இவ்வளவு கேலி நடந்திருக்காது. 2001 இல் நிஜமாகவே நின்றார், ஒரே ஓட்டு வித்தியாசத்தில் வெளியேறினார்: கிளார்க் 59, டன்கன் ஸ்மித் 54, போர்ட்டிலோ 53.

நம் பந்தியில் போதும் போதும் என்று இலைமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டே பாயசம் வாங்குவோமே, அந்தச் சாமர்த்தியம்தான் இது. கை முழுசாக மூடிவிடக் கூடாது, விரலுக்கு நடுவே இடம் இருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் முட்டிக்கொண்டு தள்ளும் ஸ்க்ரம்மிலிருந்து பந்து தானாக வெளியே வந்தால் எடுப்பேன் என்று ரக்பி பாஷையில் அப்போது லண்டன் மேயராக இருந்த போரிஸ் ஜான்சன் 2013 இல் பிரதமர் பதவியைப் பற்றிச் சொன்னது இதைத்தான். எங்கள் அலுவலகத்தில் டீம் லீடர் இடம் காலியானபோது, இதற்கெல்லாம் நான் சரிப்பட்டு வரமாட்டேன் என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்த சக ஊழியருக்கு அது கிடைத்தது. விண்ணப்பம் போட்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அது கிடைக்க மேலும் மூன்று வருடம் ஆனது, அதற்குள் நானும் எல்லாவற்றுக்கும் "ஏதோ சமாளித்தோம்" என்று சொல்லப் பழகியிருந்தேன்.

இதை நான் நாகரிகம், அடக்கம் என்றெல்லாம் ரொம்ப நாள் மெச்சிக்கொண்டிருந்தேன். 2022 இல்தான் சந்தேகம் வந்தது. ஜூலை 7 அன்று பிரதமர் ஜான்சன் விலகுவதாக அறிவிக்கிறார், மறுநாளே தலைவர் பதவிக்கு நிற்கிறேன் என்று ரிஷி சுனக்கின் வீடியோ வந்துவிட்டது, பாட்டி கதையோடு, பளபளவென்று. முந்திரிக்கொட்டை என்று எங்கள் அலுவலகமே முகம் சுளித்தது. அப்புறம் கட்டுமானத் தளத்துக்கு அவர் போட்டுக்கொண்டு போன 490 பவுண்ட் பிராடா ஷூ. மனைவி குடும்பத்துச் சொத்து வேறு. பணக்காரர் என்பதற்காகக் கேள்வி கேட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, கேட்க வேண்டியதுதான். ஆனால் அப்பா டாக்டர், அம்மா மருந்துக்கடை என்று அவர் சொல்லச் சொல்ல "ரொம்பத்தான் முயற்சி செய்கிறார்" என்றார்கள். கேமரனை அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொந்தமாக இருக்கிற நாற்காலியை நோக்கி அலட்டிக்கொள்ளாமல் நடக்கலாம். டேவிஸ் மாதிரி ஆட்கள் ஓடித்தான் போக வேண்டும், ஓடினால் மூச்சு வாங்குவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். உறுப்பினர்கள் 57.4 சதவீதம் லிஸ் டிரஸுக்குப் போட்டார்கள், அவருடைய பட்ஜெட்டும் அதனால் பதவி போனதும் ஊருக்கே தெரியும். அக்டோபர் 24, தீபாவளியன்று சுனக் போட்டியின்றித் தலைவரானார். முயற்சி செய்யாத மாதிரி தெரிந்ததால் இப்போது சரியாகிவிட்டது போல!

ஏழையாக இருந்ததைச் சொல்லிக் காட்டினாலும் தப்பிக்க முடியாது என்பது தனிக் கதை. 2024 ஜூன் தொலைக்காட்சித் தேர்தல் நிகழ்ச்சியில் லேபர் கட்சித் தலைவராகப் பேசிய கியர் ஸ்டார்மர், என் அப்பா டூல்மேக்கர், கருவி செய்யும் தொழிலாளி என்று ஆரம்பித்ததும் கூட்டம் சிரித்துவிட்டது, அவ்வளவு தடவை சொல்லியிருந்தார். யார்க்‌ஷயர்க்காரர் இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு இதையே பேசியிருப்பார். ஓய்வு பெற்ற நாளில் அவருக்கு நாங்கள் வாங்கிய கேக்கைப் பார்த்து, "இதற்கு நான் அப்படி ஒன்றும் செய்யவில்லையே" என்றார். முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த மனிதர்.

போன வருடக் கடைசியில் ஒரு நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி. ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன். "நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்தில சார்" என்றாள், கண்ணைப் பார்த்து. பக்கத்திலிருந்த எச்.ஆர். அம்மாள் என்னைப் பார்த்தார். என் முகம் இறுகியது எனக்கே தெரிந்தது, அந்தப் பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது, தண்ணீர் குடித்தேன். வேலை அவளுக்குத்தான் கொடுத்தோம், மற்றவர்களைவிட நன்றாகச் செய்தாள் என்பதால்.

சேர்ந்த இரண்டாம் வாரமே அப்ரைசல் படிவம் எப்போது வரும் சார் என்று கேட்டாள். மார்ச்சில் என்றேன். அதில் என்ன எழுதச் சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.