அஞ்சு கிலோ அரிசியும் நூத்திப்பத்து பைக்கும்

"மாமா, ஞாயித்துக்கிழமை சும்மாத்தான இருப்பீங்க?" என்று தங்கச்சி மகன் போனில் கேட்டபோதே உஷாராகியிருக்க வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்ட ஒருத்தரும் இதுவரை என்னைச் சும்மா இருக்க விட்டதில்லை.

அவனும் அவன் கூட்டாளிகளும் மதுரையிலிருந்து உசிலம்பட்டிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்கு பைக் ஊர்வலம் போகிறார்களாம். ஊர்வலம் என்று சொன்னால் கோபம் வருகிறது, ரைடு என்று சொல்ல வேண்டும். ஆளுக்கு அஞ்சு கிலோ அரிசி பின்னால் கட்டிக்கொண்டு வரணும். டீசர்ட் 350 ரூபாய் தனி.

"டேய், என் ஸ்பிளெண்டருக்குப் பதினஞ்சு வயசு ஆச்சுடா. புல்லட்டுக கூட அது எப்பிடி வரும்?"

"உங்களுக்குத்தான் மாமா பெரிய பொறுப்பு. நீங்கதான் ஸ்வீப்பு."

கூட்டமாகப் போகும்போது முன்னால் வழிகாட்டிப் போகிறவர் லீடு. ஊடே ஓடி ஒழுங்குபடுத்துகிறவர்கள் மார்ஷல். எல்லாருக்கும் கடைசியில் வருகிறவர்தான் ஸ்வீப். எவன் வண்டி பஞ்சரானாலும் எவன் வழி தப்பினாலும் அவர்தான் கூட நிற்க வேண்டும். மெதுவாகப் போகிற வண்டிக்கு இப்படி ஒரு பட்டம் கட்டி வைத்திருக்கிறார்கள். பெருமையாக வீட்டில் சொன்னேன்.

"ஸ்வீப்புன்னா கூட்டுறதுதான? வீட்ல ஒரு நாளாச்சும் வெளக்குமாத்தத் தொட்டிருக்கீகளா?" என்றபடி என் மனைவி டிரம்மைத் திறந்து அரிசி அளக்கப் போனாள்.

காலை அஞ்சரைக்கு தமுக்கம் வாசலில் 110 வண்டி. வரிசைக்கிரமம் பற்றி ஒரு தம்பி மைக்கில் விளக்கினார். ஒருத்தர் பின்னால் ஒருத்தர் நேராகப் போகக் கூடாதாம். முதல் வண்டி வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம், நேர் முன்னால் இருப்பவருக்கும் நமக்கும் ரெண்டு செகண்டு இடைவெளி. 'ஸ்டாகர்டு ஃபார்மேஷன்' என்று நாலு தடவை சொல்லியும் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. ஊடுபுள்ளிக் கோலம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. வளைவு வந்தால் மட்டும் ஒருத்தர் பின்னால் ஒருத்தர்.

அப்புறம் கைச் சைகைகள். ஒரு விரலைத் தூக்கினால் ஒற்றை வரிசை. ரெண்டு விரல் தூக்கினால் மறுபடி ஊடுபுள்ளி. அஞ்சு விரலும் விரித்துக் கையைத் தூக்கினால் நிறுத்தப்போகிறோம். எந்தப் பக்கம் காலை நீட்டுகிறாரோ அந்தப் பக்கம் குழி. முன்னால் இருப்பவர் செய்வதைப் பின்னால் உள்ளவர் அப்படியே செய்து கடைசி வரைக்கும் கடத்த வேண்டும். தமிழ்நாட்டில் ரோட்டோரம் நிற்கிற ஜனம் விரலை எப்படிப் படிக்கும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

ஏ.வி. பாலம் தாண்டி, காளவாசல் தாண்டி, நாகமலைப் புதுக்கோட்டை வரைக்கும் வெட்டவெளிக் காற்றும் நாகமலையுமாக சுகமான பயணம். லீடுக்கு மட்டும். கடைசி வண்டியின் கதை வேறு. 50-ல் போனாலே 110 வண்டியும் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும். முன்னால் போகிறவர் ஒரு மாட்டைப் பார்த்து லேசாக பிரேக்கைத் தொடுவார். அடுத்தவர் இன்னும் கொஞ்சம் அழுத்துவார். அது ஒவ்வொருத்தராகத் தடித்துத் தடித்து என்னிடம் வரும்போது நான் ரெண்டு காலையும் ஊன்றி நிற்பேன். எதற்கு நின்றோம் என்று எட்டிப் பார்ப்பதற்குள் முன்னால் உள்ளவர்கள் பறந்திருப்பார்கள். பிடிக்க 80-ல் போக வேண்டும். 70 தாண்டினால் என் ஸ்பிளெண்டர் சாமியாட ஆரம்பித்துவிடும். ஒன்று நிற்கணும், இல்லை விரட்டணும். இதை ரப்பர் பேண்டு என்கிறார்கள், சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

செக்கானூரணியில் டீக்கு நிறுத்தினோம். பெஞ்சில் ஒரு பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கட்சிப்பா?"

"கட்சியெல்லாம் இல்லங்கய்யா. முதியோர் இல்லத்துக்கு அரிசி கொண்டு போறோம்."

"பொய் சொல்லாத. மொத ரெண்டு வெரல காட்டுனிய, சரி, ரெட்டை எலைன்டு நெனச்சேன். அடுத்து அஞ்சு வெரலயும் காட்டுறிய. கை சின்னமா, உதயசூரியனா? எப்பய்யா கூட்டணி மாறுச்சு? பேப்பர்லகூட வரலையே!"

டீக்கடைக்காரர் பங்குக்கு, "தலைக்கு எவ்வளவு தம்பி குடுத்தாய்ங்க?" என்றார். நாங்கதான் 350 குடுத்தோம் என்றேன். உலகத்தில் இப்படியும் ஒரு ஏமாளியா என்று பார்த்தார்.

கருமாத்தூர் தாண்டியதும் ரோட்டில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. யாரோ கோலப்பொடி சிந்திக்கொண்டே போயிருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். கோடு நிற்கவில்லை. ஓரிடத்தில் ரெண்டு காக்கா, கொஞ்ச தூரத்தில் ஒரு கோழி, அப்புறம் தீர்மானமாகக் குறுக்கே நின்ற ஒரு ஆடு. எல்லாம் கோட்டு மேலேயே குனிந்திருந்தன. அப்போதுதான் உறைத்தது, அது அரிசி.

ஹாரன் அடித்துக்கொண்டே துரத்திப் பிடித்தேன். ஒரு புல்லட் தம்பி. பையை சீட்டில் நிறுத்திக் கட்டாமல் ஓரமாகத் தொங்கவிட்டிருக்கிறார். அது ஆடி ஆடி இறங்கி, சூட்டில் கிடந்த சைலன்சரை ஒட்டிக்கொண்டுவிட்டது. பை உருகி ஒரு ஓட்டை, நல்லியைத் திறந்த மாதிரி அரிசி. வண்டியை நிறுத்தி அவர் பையைப் பிடுங்கியதும் மிச்சம் இருந்த அடியும் பிய்ந்து, அவ்வளவும் ஓரத்து மண்ணில் கொட்டியது. சைலன்சரில் ஒட்டியிருந்த நாலஞ்சு அரிசி கருகி, பொரி வாசம் வேறு.

எதிர் வீட்டிலிருந்து ஒரு அம்மா விளக்குமாற்றோடு வந்தார். கூட்டித் தருவார் என்று பார்த்தால், விளக்குமாற்றை என் கையில் கொடுத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டார்.

"மண்ணோட தள்ளாதீக. மேலாக்குல தட்டி எடுங்க. நுனிய அமுத்தாதீக. ஏன், வீட்ல கூட்டுனதே இல்லையா?"

இந்த இடத்தில் என் மனைவி இல்லாமல் போனது தெய்வாதீனம். பெரிய எழுத்தில் ஏதோ இங்கிலீஷில் அச்சடித்த டீசர்ட், தலையில் ஹெல்மெட், கையில் விளக்குமாறு என்று தேனி ரோட்டில் நான் குனிந்து கூட்டிக்கொண்டிருக்க, தேனி பஸ்ஸில் போனவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். அந்த அம்மா சொளகில் வாங்கி நாலு புடை புடைத்தார். மண் தனியாக, கல் தனியாக, அரிசி தனியாக மூணே நிமிஷத்தில் பிரிந்து நின்றது. "கல்லோட ஆக்கிப் போட்டா கெழடுகளுக்கு இருக்குற ரெண்டு பல்லும் போயிரும்" என்றபடி வீட்டுக்குள் போய் ஒரு படி அரிசி கொண்டுவந்து மேலே கொட்டி, பழைய மஞ்சப்பையில் கட்டிக் கொடுத்தார். நன்றி சொன்னதைக் காதில் வாங்காமல், விளக்குமாற்றை வாங்கிக்கொள்வதிலேயே குறியாக இருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொன்னாடை, குரூப் போட்டோ எல்லாம் முடிந்திருந்தது. எந்த போட்டோவிலும் நான் இல்லை. சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கினேன். அங்கே சமையல்கார அக்கா 110 பையையும் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இதுல பொன்னி இருக்கு, இட்லி அரிசி இருக்கு, பச்சரிசி இருக்கு, ஒரு புண்ணியவான் பாசுமதி குடுத்திருக்காரு. ஒண்ணாப் போட்டு வடிச்சா ஒண்ணு கொழையும், ஒண்ணு நறுக்குன்னு நிக்கும். எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்து ரகம் சேக்கணும். மூட்டையா ஒரே அரிசி வாங்கி ஒரு குட்டியானைல ஏத்தி விட்டிருந்தா ஆகாதா தம்பி?"

மொத்தம் 550 கிலோ. குட்டியானை எழுநூறு கிலோவே தாங்கும். நான் பதில் சொல்லவில்லை.

வாசலில் ஸ்பிளெண்டர் பக்கத்தில் ஒரு அப்பத்தா நின்று சீட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பெரிய வண்டியெல்லாம் ஏற முடியாது. இது ஒசரம் சரியா இருக்கு. வெத்தல தீந்து ரெண்டு நா ஆச்சு. பசாருக்குக் கூட்டிட்டுப் போறியாப்பா?"

தங்கச்சி மகனின் ஹெல்மெட்டை வாங்கி அப்பத்தாவுக்கு மாட்டினேன். "என்னய்யா, பானைக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு" என்றார். ஒருபக்கமாக உட்கார்ந்து, என் தோளை இறுக்கிப் பிடித்து, பசார் வரைக்கும் எதிரே வந்த அத்தனை பேரிடமும் "ஏத்தா, நாந்தேன்! நாந்தேன்!" என்று கத்திக்கொண்டே வந்தார். ஹெல்மெட்டுக்குள் இருக்கிற ஆள் யார் என்று தெரிய வேண்டுமே. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, அங்குவிலாஸ் புகையிலை கால் பொட்டலம். திரும்பும்போது, "நேரா வீட்டுக்கா? அந்தக் கம்மாக்கரை வழியா ஒரு சுத்து போ" என்று உத்தரவு.

ராத்திரி வீட்டில் என் மனைவி கணக்குப் போட்டாள். போக வர 80 கிலோமீட்டர், ரெண்டு லிட்டர் பெட்ரோல், 200 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. டீசர்ட் 350. ஆக 550 ரூபாய் செலவழித்து 300 ரூபாய் அரிசியைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். "இதுல அரிசி நம்ம வீட்டு அரிசி" என்று அடியில் கோடு வேறு போட்டாள். கூட்டிய கதையை நான் சொல்லவே இல்லை. தங்கச்சி மகன் போட்டோ எடுத்து வைத்திருந்தது மறுநாள்தான் தெரிந்தது.

போன வியாழக்கிழமை புது நம்பரிலிருந்து ஒரு கால். இல்லத்து அக்கா போனை அப்பத்தாவிடம் கொடுத்திருக்கிறார்.

"ஏப்பா, ஞாயித்துக்கிழமை சும்மாத்தான இருப்ப?"