நொண்டல் நின்ற பிறகும் நடைதான்

எங்கள் பெண் குதிரையின் முன்னங்கால் பின்பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. விரல் வைத்தால் அந்த இடம் மட்டும் சுட்டது. தசைநாண் கிழிந்திருக்கும் என்று டாக்டர் அப்போதே சொன்னார். முதல் ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. காயம் முதல் சில நாட்களில் இன்னும் விரியும் என்று, ஒரு வாரத்துக்கு மேல் பொறுத்து மறுபடி எடுத்தார். நாணின் நடுவில் கருப்பாக ஓர் ஓட்டை. சுற்றிலும் நல்ல நார்.

அந்த ஓட்டையில் எந்த ஊசி போடுவது, பி.ஆர்.பி.யா, ஸ்டெம் செல்லா? பி.ஆர்.பி. என்றால் கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்து, சுழற்றிப் பிரித்து, பிளேட்லெட் செறிந்த பகுதியை அன்றைக்கே போட்டுவிடலாம். ஸ்டெம் செல் என்பது வேறு திசுக்களாக வளரக்கூடிய குருத்தணு; அதற்கு மார்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து, ஆய்வகத்தில் சில வாரம் வளர்க்க வேண்டும். நாங்கள் ஸ்டெம் செல்லையே தேர்ந்தெடுத்துக் காத்திருந்தோம். நாண் தானாக ஆறினால் விறைப்பான தழும்பாகிவிடும், அதன் பக்கத்திலேயே மறுபடி கிழியும். அந்த பயம்தான் காரணம். 2012இல் வந்த பிரிட்டன் ஆய்வொன்றில், ஸ்டெம் செல் போட்ட 113 பந்தயக் குதிரைகளில் சுமார் 27 சதவீதத்துக்குத்தான் காயம் திரும்பியது. சிகிச்சை பெறாத குதிரைகளை வைத்து ஒப்பிட்ட ஆய்வு அல்ல அது. ஆனாலும் எங்களுக்கு அது நம்பிக்கை கொடுத்தது. போட்ட செல்களில் பெரும்பகுதி அங்கேயே தங்காது, அவை சுரப்பவைதான் ஆறுவதற்கு உதவுகின்றன என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை.

ஊசி போட்டது கொஞ்ச நேர வேலை. மயக்கம் கொடுத்து, காலை மரக்க வைத்து, ரோமம் மழித்தார்கள். ஸ்கேன் திரையில் ஊசி வெள்ளைக் கோடாக நகர்ந்து கருப்புக்குள் நுழைந்ததை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

பிறகு வந்த மாதங்கள்தான் கஷ்டம். கையில் பிடித்து, கெட்டித் தரையில், நேர்க்கோட்டில் பத்து நிமிட நடை. பிறகு மெல்லக் கூட்டுவது. புது நார்கள் இழுவிசையின் திசையில் படிய அளவான பாரம் வேண்டும். நொண்டல் சீக்கிரமே போய்விட்டது. லாயத்தை விட்டு வந்தாலே துள்ளினாள், கயிற்றை இழுத்துப் பிடிக்கத் தோள் வலித்தது. ஓடவிடலாமா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். ஓட்டை நிரம்பியிருந்தாலும் ஸ்கேனில் நார்கள் இன்னும் தாறுமாறாகத்தான் கிடந்தன. நடை பார்த்து முடிவெடுக்காதீர்கள், படம் பார்த்து எடுங்கள் என்றார் டாக்டர். போன ஸ்கேனில் நீள நீளமாகக் கோடுகள் தெரிந்தன. இப்போது சில நிமிடம் துள்ளுநடைக்கு அனுமதி. நாலுகால் பாய்ச்சல் அடுத்த படத்துக்குப் பிறகுதான்.