யார் யார் அங்கத்தவர் எண்டு சொல்ல ஏலாத சங்கம்

இங்கிலாந்தில எங்கட ஆக்கள் நடத்திற ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி, கோயில் எண்டு எதை எடுத்தாலும் ரெண்டா உடைஞ்ச கதை ஒண்டு இருக்கும், ஏன் உடைஞ்சது எண்டு கேட்டா பதவி ஆசை, ஊர்ப்பிரிவினை, அந்த ஆள் சரியில்லை இந்த ஆள் சரியில்லை எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். நான் அப்பிடி நினைக்கேல்லை. ஆசை எல்லா இடத்திலயும்தான் இருக்கு. நான் பாத்த அளவில சண்டை தொடங்கிற இடம் அங்கத்தவர் பட்டியல். இண்டைக்கு வோட்டுப் போட உரிமை உள்ள ஆக்கள் ஆர் எண்டு கேட்டா ஒரு பேப்பரை எடுத்து "இவைதான்" எண்டு காட்ட ஏலாத சங்கத்துக்கு மற்ற எந்த விதி இருந்தும் பிரயோசனம் இல்லை.

எப்பிடி நடக்கும் எண்டா, பொதுக்கூட்டம் மூண்டு மணிக்கு எண்டு வையுங்கோ. ஹோல் வாசலில மேசையைப் போட்டு பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோட இருப்பார். ரெண்டரைக்கு வான் நிறைய ஆக்கள் வந்து இறங்கி, வருசச் சந்தாவைக் கட்டி, ரசீதை வாங்கிக்கொண்டு உள்ள போய் முன்வரிசையில இருப்பினம், அடுத்த அலுவல் தேர்தல். இதில ஒருத்தரும் களவு செய்யேல்லை. யாப்பில சந்தா கட்டினவர் அங்கத்தவர் எண்டு மட்டும்தான் இருக்கு, எப்ப கட்டியிருக்க வேணும் எண்டு ஒரு வரி இல்லை. கூட்டத்துக்கு 30 நாளுக்கு முதல் சேர்ந்திருக்க வேணும், நிர்வாக சபை அந்த விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டிருக்க வேணும் எண்டு ரெண்டு வரி எழுதியிருந்தா அந்த வான் வந்தே இருக்காது.

குடும்பச் சந்தா இதை விடச் சிக்கல். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு எண்டு காசு வாங்குவினம், அந்தக் காசுக்கு எத்தினை வோட்டு? புருசன் மனிசிக்கு ஒவ்வொண்டா, ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்டா, 18 தாண்டின பிள்ளையளுக்கும் இருக்கா, கலியாணம் கட்டி வேற வீட்டில இருக்கிற மகள் இன்னும் அந்தக் குடும்பத்துக்குள்ள வருவாவா? சந்தாவைக் கூட்டிப்போட்டு, பாங்கில இருந்து தானாப் போற ஸ்டாண்டிங் ஓர்டரை மாத்தச் சொல்ல மறந்திருப்பினம், ஒருத்தர் பழைய தொகையை மாசாமாசம் ஒழுங்கா அனுப்பிக்கொண்டே இருப்பார், அவர் அங்கத்தவரோ இல்லையோ? இதை எல்லாம் சண்டை வராத நேரத்தில இருந்து கதைச்சா அரை மணித்தியால அலுவல். தேர்தலண்டு கதைச்சா ஒரு முடிவும் வராது, ஏன் எண்டா எந்தப் பதிலைச் சொன்னாலும் அது ஒரு பக்கத்துக்கு வோட்டாப் போயிடும்.

இதை நான் மட்டும் பெருப்பிச்சுச் சொல்லேல்லை. சங்கம் ஒரு சரிட்டியா, அதாவது பொதுநல அமைப்பா இருந்தா 2011ம் ஆண்டுச் சரிட்டி சட்டம் அதுக்குப் பொருந்தும். அதில 111ம் பிரிவு எண்டு ஒண்டு இருக்கு, ஒரு சரிட்டியில ஆர் ஆர் அங்கத்தவர் எண்டு தீர்மானிக்கிற அதிகாரத்தை அது சரிட்டியளைக் கண்காணிக்கிற சரிட்டி கொமிஷனுக்குக் குடுக்குது. அதுக்கெண்டே தனிப்பிரிவு எழுத வேண்டி வந்திருக்கு எண்டா யோசிச்சுப் பாருங்கோ. ஆனா கொமிஷன் ஓடி வந்து தீர்த்து வைக்கும் எண்டு நம்பியிருக்க வேண்டாம், உள்வீட்டுச் சண்டையை நீங்களே பேசித் தீருங்கோ எண்டுதான் அவை பொதுவாச் சொல்லுறது. கோர்ட்டுக்குப் போறதெண்டாலும் அனேகமா முதல்ல கொமிஷனின்ட அனுமதி எடுக்க வேணும்.

அடுத்தது ட்ரஸ்டி விசயம். எங்கட சங்கத்தில ட்ரஸ்டி எண்டு ஒருத்தரும் இல்லை, நிர்வாக சபைதான் இருக்கு எண்டு சொல்லுற ஆக்கள் கன பேர். சட்டம் பேரைப் பாக்கிறதில்லை. சரிட்டியின்ட நிர்வாகத்தை மொத்தமாக் கட்டுப்படுத்தி நடத்திற ஆக்கள் ஆரோ அவைதான் ட்ரஸ்டி, நீங்கள் உங்களைச் செயலாளர் எண்டு கூப்பிட்டாலும் சரி கொமிட்டி மெம்பர் எண்டு கூப்பிட்டாலும் சரி. ஆள் காணாது எண்டு கூட்டத்தில கையைத் தூக்க வைச்சு ஏத்தின உதவிப் பொருளாளரும் ட்ரஸ்டிதான். அந்தப் பிள்ளைக்கு இதை ஒருத்தரும் சொல்லுறதில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை. சங்கம் கொம்பனியாவோ சி.ஐ.ஓ.வாவோ (Charitable Incorporated Organisation, சரிட்டியளுக்கெண்டே உள்ள பதிவு வடிவம்) பதியாமல் சும்மா சங்கமா இருந்தா சட்டத்தின்ட கண்ணில அதுக்குத் தனி ஆள் எண்ட நிலை இல்லை, ஹோல் ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்சவை தங்கட பேரிலதான் வைக்கினம், கடன் வந்தா அவையின்ட வீட்டுக் கதவைத்தான் தட்டுவினம். காணி உறுதியில பேர் இருக்கிறவர் கனடாவுக்குப் போயிட்டார் எண்டா அதை மாத்த எவ்வளவு அலைச்சல் எண்டு பட்டவைக்குத் தெரியும். 2012 கடைசியில இருந்து சி.ஐ.ஓ. எண்ட வடிவம் இருக்கு, அதில அங்கத்தவர் பதிவேடும் ட்ரஸ்டி பதிவேடும் வைச்சிருக்கிறது கட்டாயம், அதுக்காகவே மாறலாம் எண்டு நான் சொல்லுவன்.

கேட்டரிங் கதையையும் சொல்ல வேணும். ஆண்டு விழாச் சாப்பாட்டைத் தலைவரின்ட அக்காவின்ட புருசன்ட கடைக்குக் குடுக்கிறது, "வெளியாளை விட மலிவாத் தாறார்தானே" எண்டு சொல்லுறது. மலிவாவே இருக்கட்டும். சகோதரமும் சகோதரத்தின்ட புருசன் மனிசியும் சட்டத்தில ட்ரஸ்டியோட தொடர்புபட்ட ஆக்கள். அவைக்குக் காசு குடுக்கிறதெண்டா எழுத்தில ஒப்பந்தம் வேணும், தொகை நியாயமா இருக்க வேணும், யாப்பு அதைத் தடுக்கக் கூடாது, அந்த முடிவை எடுக்கேக்க தலைவர் அதில பங்குபற்றாமல் விலத்தி இருக்க வேணும். அவர் விலத்தினவர் எண்டு கூட்டக் குறிப்பில ஒரு வரி எழுதினா, பிறகு ஆரும் கேள்வி கேக்கேக்க அவரைக் காப்பாத்திறதும் அந்த வரிதான்.

இனி அங்கத்தவருக்கு. "இது எங்கட காசு, நாங்கள் வோட்டுப் போட்டா முடிஞ்சுது" எண்டு மைக்கில சொல்லிற பேச்சுக்குக் கைதட்டு விழும், ஆனா அது பிழை. சி.ஐ.ஓ. அங்கத்தவர் தன்ர அதிகாரத்தைச் சரிட்டியின்ட நோக்கம் நிறைவேறிற விதத்தில, நல்லெண்ணத்தோட பாவிக்க வேணும் எண்டு சட்டத்திலயே இருக்கு. கொம்பனியாப் பதிஞ்ச சரிட்டியில இது எவ்வளவு தூரம் போகும் எண்டதுக்கு 2020 ஜூலையில சுப்ரீம் கோர்ட் குடுத்த லெஹ்டிமாகி எதிர் கூப்பர் தீர்ப்பைப் பாருங்கோ. பிள்ளையளுக்கு உதவுற பெரிய சரிட்டி ஒண்டு, அதைத் தொடங்கின புருசன் மனிசி பிரிஞ்சு போயினம், மனிசி விலகிப் போறதுக்கு அவவின்ட புதுச் சரிட்டிக்கு 360 மில்லியன் டொலர் குடுக்கிறதெண்டு பேச்சு. அதுக்கு அங்கத்தவரின்ட சம்மதம் வேணும். அந்தச் சரிட்டிக்கு இருந்ததே மூண்டு அங்கத்தவர், ரெண்டு பேர் அந்தச் சோடி, அவை வோட்டுப் போட ஏலாது, மிச்சம் லெஹ்டிமாகி எண்ட ஒரே ஆள். அவர் தன்ர விருப்பப்படி வோட்டுப் போடலாமோ? இல்லை, அங்கத்தவருக்கும் சரிட்டியின்ட நோக்கத்துக்கு விசுவாசமா இருக்கிற கடமை உண்டு, குடுக்கிறதுக்கு ஆதரவா வோட்டுப் போடச் சொல்லி அவருக்குக் கோர்ட் கட்டளை போடலாம் எண்டு தீர்ப்பு. ஆயிரக்கணக்கில அங்கத்தவர் இருக்கிற சரிட்டிக்கு இதை அப்பிடியே பொருத்திறது வேற கேள்வி. ஆனா கட்டிடத்தை வித்துக் காசை அங்கத்தவருக்குப் பிரிச்சுக் குடுப்பம் எண்டு இனி ஆரும் எழும்பினா இந்தத் தீர்ப்பைச் சொல்லி இருத்துங்கோ.

மற்றதுகள் சின்ன விசயம். சி.ஐ.ஓ.வுக்கெண்டு கொமிஷன் போட்டிருக்கிற மாதிரி யாப்பை எடுத்தாலே பாதி வேலை முடிஞ்சுது: கூட்டத்துக்கு 14 முழு நாள் அறிவித்தல், அதில அறிவித்தல் கிடைச்ச நாளும் கூட்டநாளும் சேராது. யாப்பை மாத்த வோட்டுப் போட்டவையில 75 வீதம் வேணும். வருசாவருசம் ட்ரஸ்டிமாரில மூண்டில ஒரு பங்கு இறங்க வேணும், அதால ஒரே நாளில முழுச் சபையும் கவிழாது, திரும்பத் தெரிவு செய்யப்படாமல் ஒருத்தர் காலாகாலத்துக்கும் இருக்கவும் ஏலாது.

உங்கட சங்கத்தின்ட அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முதல் செயலாளரிட்ட யாப்பைக் கேளுங்கோ, தரேல்லை எண்டா கொமிஷனிட்டக் கேட்டும் எடுக்கலாம். கடைசிக் கணக்கறிக்கையை எழுத்தில கேட்டா, நியாயமான செலவைக் கட்டினா, ரெண்டு மாசத்துக்குள்ள தர வேண்டியது அவையின்ட கடமை, அங்கத்தவர் இல்லாத ஆளுக்கும் அந்த உரிமை இருக்கு. நிர்வாக சபையில இருக்கிற ஆக்கள் இந்த மாசமே லிஸ்டை எடுத்து, காலமான ஆக்களின்ட பேரை வெட்டி, சந்தாவைப் பாங்க் ஸ்டேட்மென்டோட ஒப்பிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் "உங்கட வீட்டில இத்தினை வோட்டு" எண்டு ஒரு ஈமெயில் போடுங்கோ. பிழை இருந்தா சனமே திருப்பி எழுதும்.