‘36+5’ என்றால் 37 இல்லை

2020இல் உலகெங்கும் சுமார் 1 கோடி 34 இலட்சம் பிள்ளைகள் 37 வாரம் நிரம்பும் முன்னே, குறைமாதத்தில் பிறந்தார்கள். ஏறக்குறைய பத்துக்கு ஒன்று. 2023இல் வெளியான இந்த மதிப்பீட்டில், நல்ல பதிவு இல்லாத நாடுகளின் எண்ணைப் புள்ளிவிபர மாதிரிதான் கணித்துத் தந்தது. அந்த மாதிரிக்குத் தீனியாகும் பதிவுகள் பலவும் கர்ப்பவதி அட்டைகளில் தொடங்குபவை. கர்ப்ப வாரங்களை எண்ணத் தொடங்கும் ‘கடைசி மாதவிடாய்த் திகதி’ என்ற கட்டத்தில்தான் பிழை முதலில் புகும்.

“ஞாபகமில்லை மிஸ்ஸி” என்று தாய் மருத்துவமாதுவிடம் சொன்னதும் 1ஆம் திகதியோ 15ஆம் திகதியோ போட்டுவிடுவது சுகமான வழி. திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் நோன்பு மாதத்தை ஒட்டிக் கருத்தரித்த முஸ்லிம் பெண்களிடம் வேறு கேள்வி கேட்கலாம்: “எத்தினையாம் நோன்பில விட்டீங்க தங்கச்சி?” மாதவிடாய் நாட்களில் விட்ட நோன்பைக் களா நோன்பாகப் பிறகு பிடிக்க வேண்டும் என்பதால் அந்தக் கணக்கு லேசில் பிசகாது. திருகோணமலை நகரில் பொங்கல், திருவிழா. கோயிலுக்குப் போகாமல் நின்ற நாள் மறக்காது.

14 வாரத்துக்கு முன் எடுத்த ஸ்கேன் ஒரு வார வித்தியாசத்துக்குள் நிற்கும். 28 வாரம் கடந்து எடுத்தது மூன்று வாரம்வரை தவறலாம். அதைப் பார்த்துத் திகதியைத் திருத்தினால், வளர்ச்சி குன்றிய நிறைமாதப் பிள்ளை குறைமாதக் கணக்கில் ஏறிவிடும். 2,500 கிராமுக்குக் குறைந்த எல்லாரையும் குறைமாதம் என்று எழுதுவதும் இதே பிழைதான்.

இரண்டு பக்கமும் தவறினால் சரிக்குச் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. ஒரு பேச்சுக்கு, 37 வாரம் நிரம்பி 100 பிறப்பு, 36 நிரம்பி 40 என்று வையுங்கள். பத்தில் ஒன்று ஒரு வாரம் கீழேயும் பத்தில் ஒன்று மேலேயும் தவறினால், 37இலிருந்து 10 குறைமாதக் கணக்குக்குள் வரும், 36இலிருந்து 4தான் வெளியே போகும். திகதிப் பிழை கூடக் கூட, குறைமாத வீதமும் தானாக ஏறும்.

மிச்ச நாட்களைச் சேர்த்து முழு வாரமாக்குவது மறுபக்கம் இழுக்கும். மார்ச் 10 கடைசி மாதவிடாயின் முதல் நாள், நவம்பர் 22 பிரசவம் என்றால் 257 நாள்: 36 வாரமும் 5 நாளும், அதாவது ‘36+5’. நிறைமாதத்துக்கு 259 நாள் வேண்டும். இரவு வேலை முடிகிற நேரத்தில் பதிவேட்டில் ‘37’ என்று விழுந்தால் அந்தப் பிள்ளை கணக்கிலேயே இல்லை. குறைமாதப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் 32 முதல் 36 வாரத்துக்குள் பிறப்பவர்கள். அதனால் இந்த ஓரத்துக் கவனக்குறைவுக்கு விலை அதிகம்.

பெரியாஸ்பத்திரியின் வீதத்தை மாவட்டத்தின் வீதமாக எடுக்கவும் கூடாது. சிக்கலான தாய்மாரைச் சுற்றுப்புற ஆஸ்பத்திரிகள் அங்கேதான் அனுப்பும். வீதம் வீங்கித் தெரியும். வதிவிடத்தை வைத்து எண்ண வேண்டும். அதிலும் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போனவள் இரண்டு பதிவேட்டிலும் இருப்பாள், அல்லது இரண்டிலும் இருக்கமாட்டாள்.