தராசும் ஜெபமும்: ஒரு லெந்து நாட்குறிப்பு

2025 மார்ச் 5, புதன்

இன்று சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முன்வரும் லெந்து என்ற தவக்காலத்தின் முதல் நாள். ஈஸ்டர் வரை ஞாயிறுகளை நீக்கிக் கணக்கிட்டால் 40 நாட்கள். இந்த நாட்களில் இங்கே எழுதப்போவது வேலையிடத்தைப் பற்றி மட்டும். ஆராதனைக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் என்றால் வேலைக்கு நாற்பது, ஐம்பது மணி நேரம் போகிறது. அந்த மணி நேரங்களுக்குள் விசுவாசம் எங்கெங்கே கைக்குப் பிடிபடுகிறது என்பதுதான் கேள்வி.

"எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்" என்ற வேத வசனத்தை, கொலோசெயர் 3:23ஐ, பலர் மேசையில் ஒட்டி வைக்கிறார்கள். அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து ஒட்டலாம். அப்போஸ்தலன் பவுல் கொலோசெ சபைக்கு எழுதின கடிதத்தில் இதை எழுதினது அடிமைகளுக்கு. பதவி உயர்வோ பாராட்டோ கிடைக்க வழியில்லாதவர்களிடம், "பார்வைக்கு ஊழியம் செய்யாதீர்கள்" என்கிறார். யாரும் பார்க்காதபோதும் அதே வேலை, அதே தரம். அதே மூச்சில் 4:1இல் எஜமான்களிடம் திரும்பி, நீதியானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் உண்டு என்கிறார். 3:23ஐ மட்டும் பணியாளர்களுக்குப் படித்துக்காட்டும் முதலாளி பாதிக் கடிதத்தைத்தான் படிக்கிறார்.

செய்து பார்க்க: உங்கள் வேலையில் யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு பகுதியைத் தேர்ந்தெடுங்கள். அலமாரியின் பின்பக்கம், அறிக்கையின் கடைசி இணைப்பு, அடுத்த ஷிப்டுக்கு எழுதி வைக்கும் குறிப்பு, எதுவானாலும் சரி. நாளின் முதல் அரைமணி நேரத்தில், களைப்பு வருமுன் அதைச் செய்யுங்கள். கடைசிக்கு விட்டால் அது "பார்வைக்கு" செய்த வேலையாகவே முடியும்.

2025 மார்ச் 6, வியாழன்

உபாகமம் 25:13 பையிலே பெரிதும் சிறிதுமான நிறைகற்கள் வைத்திருப்பதைத் தடை செய்கிறது. வாங்க ஒரு கல், விற்க ஒரு கல். இந்த ஏமாற்றில் தராசு பழுதாக இருக்கத் தேவையில்லை. கல்லை மாற்றினால் போதும்.

இன்றைய இரண்டு கற்கள் நேரக்கணக்கில் இருக்கின்றன. வாடிக்கையாளருக்குச் செய்த 2 மணி 40 நிமிட வேலை பில்லில் 3 மணி நேரமாகிறது. தாமதமாக வந்த 20 நிமிடம் மட்டும் பூஜ்யமாகிறது. இதைச் சரிசெய்ய வழி எளிது. 15 நிமிடம் என்று ஒரே அளவை வைத்துக்கொண்டு, அருகிலுள்ள கால்மணிக்கு மேலும் கீழும் ஒரே விதமாகத் திருத்த வேண்டும். 2:40 என்பது 2:45 ஆகும். 20 நிமிடத் தாமதம் 15 ஆகும். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் அப்போதைக்கப்போதே குறிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் நினைவிலிருந்து நிரப்பும் கணக்கு எப்போதும் நிரப்புகிறவர் பக்கமே சாயும்.

உண்மையான தராசு வைத்திருப்பவர்களுக்கு: காலிப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கிய பின்னரே பொருளை இடுங்கள். மின்னணுத் தராசு சமதளத்தில் இருக்கிறதா என்று நீர்மட்டக் குமிழியைப் பாருங்கள். மின்விசிறிக் காற்று நேராகப் பட்டால் சிறிய எடைகளின் எண் ஆடும். எடை தெரிந்த ஒரு கல்லை அருகில் வைத்து, காலையில் ஒருமுறை சோதித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இதுவும் காலை ஜெபத்தோடு சேர்ந்ததுதான்.

2025 மார்ச் 8, சனி

கூலி. உபாகமம் 24:15 பொழுது போகுமுன் கொடுக்கச் சொல்கிறது; காரணம் அந்த வசனத்திலேயே இருக்கிறது, அவன் ஏழை, அதின்மேல் ஆவலாயிருக்கிறான். வீட்டு வேலைக்கோ பழுதுபார்க்கவோ ஒருவரை அழைக்குமுன் தொகையைப் பேசி முடித்து, சில்லறையோடு எடுத்து வைத்துவிட வேண்டும். "சில்லறை இல்லை, அடுத்த வாரம்" என்பது வட்டியில்லாக் கடனை ஏழையிடம் வாங்குவது. வேலை முடிந்தபின் பேரம் பேசுவதும் அப்படித்தான். நிறுவனம் நடத்துகிறவர்கள் சிறு வியாபாரிகளின் பில்களைத் தனி அடுக்கில் வைத்து முதலில் தீர்க்கலாம். 30 நாள் தவணை பெரிய நிறுவனத்துக்கு வசதி. சிறியவருக்கு அது அடுத்த மாதக் கூலிப் பணம்.

2025 மார்ச் 11, செவ்வாய்

"உங்களுக்காக ஜெபிக்கிறேன்." உடன் பணிபுரிகிறவர் துக்கத்தைச் சொல்லும்போது இந்தச் சொல் தானாக வாயில் வந்துவிடும். உள்ளதை உள்ளதென்று சொல்லச் சொல்லும் மத்தேயு 5:37இன்படி பார்த்தால் அது வாக்கு. வாக்கைக் காப்பாற்ற எழுத வேண்டும்: அவர் நகர்ந்த உடனே பெயர், காரணம், தேதி. ஒரு வாரம் கழித்து "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதற்கும் அந்தத் தேதி உதவும். அவரோடு அங்கேயே ஜெபிக்க விரும்பினால் முதலில் அனுமதி கேளுங்கள். அவர் சரி என்றாலும் அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவரிடம் இதில் இரட்டிப்பு கவனம் தேவை. சம்பள உயர்வும் விடுப்பும் உங்கள் கையில் இருக்கும்போது அவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. 1 பேதுரு 3:15 கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. கேட்கட்டும். வேலை நேரத்தில் கேட்டால், பதிலை இடைவேளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

2025 மார்ச் 14, வெள்ளி

மேலாளர் ஒரு ஆவணத்தில் முந்தைய தேதியைப் போடச் சொல்கிறார். என்ன செய்வது? விசுவாசிகள் இங்கே இரண்டு விதமாக விழுகிறார்கள். சிலர் பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டு இரவில் மன்னிப்புக் கேட்கிறார்கள். சிலர் எல்லார் முன்னாலும் பிரசங்கம் செய்கிறார்கள்.

தானியேல் முதல் அதிகாரத்தை ஒரு வேலைமுறையாகப் படித்தால் நடுவழி தெரியும். பாபிலோன் அரண்மனையில் சிறையிருப்பில் இருக்கும் தானியேல், ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று 8ஆம் வசனத்தில் முதலில் தன் இருதயத்தில் தீர்மானிக்கிறான், பிறகு அதிகாரியிடம் வேண்டிக்கொள்கிறான். 10இல் அதிகாரி தன் பயத்தைச் சொல்கிறார்: ராஜாவிடம் என் தலை போகும். தானியேல் அந்தப் பயத்தை அலட்சியம் செய்யவில்லை. தன்னைக் கண்காணிக்கிறவனிடம் போய், காலவரையறையோடு ஒரு மாற்று வழியை முன்வைக்கிறான்: பருப்பு முதலான மரக்கறியும் தண்ணீரும் மட்டும் தந்து பத்து நாள் சோதித்துப் பாரும், பிறகு நீர் காண்கிறபடி செய்யும்.

அதே வரிசையில் நடக்கலாம். முதலில், கேட்டது சரியாகக் காதில் விழுந்ததா என்று தனியே உறுதி செய்யுங்கள். பாதி சிக்கல்கள் இங்கேயே தீரும், வேலை முடிந்த தேதியைத்தான் அவர் சொல்லியிருப்பார். இல்லையென்றால், "இந்தத் தேதியை என்னால் எழுத முடியாது" என்று ஒரே வாக்கியம். "நீங்கள் செய்வது பாவம்" என்று தொடங்கினால் பேச்சு அவரைப் பற்றியதாகிவிடும், தேதி மறந்துபோகும். உடனே மாற்று: இன்றைய தேதியில் ஆவணம், "வேலை இந்த நாளில் முடிந்தது" என்று உள்ளே ஒரு வரி, தாமதத்துக்கான விளக்கக் கடிதத்தை எழுதும் பொறுப்பு உங்களுடையது. அவருடைய பயம் பெரும்பாலும் அந்த விளக்கத்தைப் பற்றியதுதான்.

அன்று மாலையே தேதி, நேரம், பேசின சொற்கள் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். யார்மேலும் வழக்குத் தொடுப்பதற்கு அல்ல, நாளை கேட்டால் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதற்கு. ஒருவருடைய உயிருக்கு ஆபத்தான விஷயம், உதாரணமாக சோதிக்காத கருவியைச் சோதித்ததாக எழுதுவது, இந்தப் பொறுமைக்கு உரியதல்ல. அன்றே அடுத்த மேலதிகாரியிடமோ அதற்கான துறையிடமோ போக வேண்டும். மாற்று வழி சொல்லியும் வேலை போகலாம். அதற்குத் தயாராக மூன்று மாதச் செலவைச் சேமித்து வைப்பது மனசாட்சிக்குச் செய்யும் பெரிய உதவி.

2025 மார்ச் 16, ஞாயிறு

இரவுச் சோதனை, அதாவது படுக்குமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஜெபம். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் இதை ஐந்து படிகளாக வகுத்துக் கொடுத்தார்: நன்றி, பாவத்தைக் காண அருள் கேட்டல், மணிக்கு மணி நாளைப் பார்த்தல், மன்னிப்பு, திருந்தத் தீர்மானம். கால்மணி நேரம் போதும். நன்றியைத் தவிர்த்துவிட்டு மூன்றாவதற்குத் தாவுகிறவர்களுக்கு இது பத்து நாளில் பாரமாகி நின்றுபோகும். தீர்மானம் சிறியதாக இருக்கட்டும். "பொறுமையாயிருப்பேன்" என்றால் நாளை இரவு எதைச் சோதிப்பது? "காலைக் கூட்டத்தில் ஒருவர் முடிக்குமுன் குறுக்கிட மாட்டேன்" என்றால் எண்ணிப் பார்க்கலாம்.

2025 மார்ச் 21, வெள்ளி

இந்த லெந்து நாட்களில் எழுதுவதில் மிகவும் மனதை அழுத்துவது திருப்பிக் கொடுத்தல். பாவ அறிக்கையை நாம் நன்றாகக் கற்றிருக்கிறோம். இதை மறந்துவிட்டோம்.

லேவியராகமம் 6:1-7இன் ஒழுங்கு: எடுத்ததை முழுவதும் கொடுக்க வேண்டும், ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும், அதை உரியவனிடமே கொடுக்க வேண்டும். பலியும் உண்டு, ஆனால் உரியவனுக்குச் சேரவேண்டியதைப் பலி ஈடு செய்யாது. சகேயு என்ற ஆயக்காரன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்னது இதைவிட மிக அதிகம். ஆட்டைத் திருடி விற்றவனுக்கு யாத்திராகமம் 22:1 விதித்த தண்டனையைத் தானாகவே தன்மேல் ஏற்றிக்கொண்டான்.

கணக்கு இப்படி. தினமும் அரைமணி நேரம் அலுவலக நேரத்தைச் சொந்த வேலைக்கு எடுத்தவர், 20 வேலைநாட்களில் 10 மணி நேரம் எடுத்திருக்கிறார். ஐந்தில் ஒரு பங்கு 2. மொத்தம் 12 மணி நேரம். சரியான எண் தெரியாவிட்டால் மதிப்பீட்டில் பெரிய எண்ணை எடுங்கள்.

இதில் மூன்று தவறுகள் நேரும். முதலாவது, தொகையைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுவது. உரியவர் உயிரோடிருக்கும்போது அது அவருடைய பணத்தை இரண்டாம் முறை எடுப்பது. எண்ணாகமம் 5:8 ஆசாரியனுக்குக் கொடுக்கச் சொல்வது, வாங்கிக்கொள்ள உரியவரோ அவருக்கு இனத்தானோ இல்லாதபோதுதான். இரண்டாவது, யாருக்கும் சொல்லாமல் 12 மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்துவிடுவது. அப்போது வருகைப் பதிவு இன்னொரு முறை பொய்யாகிறது. மேலாளரிடம் சொல்லி, விடுப்பில் கழிப்பதா சம்பளத்தில் பிடிப்பதா என்பதை அவரிடம் விட வேண்டும். மூன்றாவது, "எல்லாரும் செய்கிறார்கள்" என்று மற்றவர்களையும் இழுப்பது. உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள். "ஆனால்" என்ற சொல் வந்ததுமே அறிக்கை வாதமாகிவிடும்.

சட்டச் சிக்கல் வரக்கூடிய பெரிய தொகையென்றால், போதகரிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் முதலில் பேசுங்கள். அதற்கு ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள், ஆலோசனை ஒத்திப்போடுதலாக மாறக் கூடாது.

2025 மார்ச் 22, சனி

மத்தேயு 18:15: உன் சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கையில் அதை அவனுக்கு உணர்த்து. மின்னஞ்சலில் பத்துப் பேருக்குப் பிரதி அனுப்பிக் குற்றம் சொல்வது இந்த வசனத்துக்கு நேர் எதிர். கோபத்தில் கடிதம் எழுதினால் பெறுநர் இடத்தைக் காலியாக விடுங்கள்.

2025 மார்ச் 29, சனி

ஓய்வு. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவான மன்னா, ஓய்வுநாளுக்கு முந்தின ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்க்கப்பட்டது, தலைக்கு இரண்டு ஓமர் என்ற அளவு. ஓய்வுநாள் முந்தின நாளிலேயே ஆயத்தமாகிறது. திங்களன்று தரவேண்டியதை வெள்ளியிலேயே முடிக்காதவருக்கு ஞாயிறு பாதி நாள்தான்.

உபாகமம் 5:14 இன்னும் ஒரு படி போகிறது: உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும். ஆலயத்தில் உட்கார்ந்து குழுவுக்குச் செய்தி அனுப்பும் மேலாளர் தன் ஓய்வை மட்டுமா கெடுக்கிறார்? தோன்றின யோசனையை எழுதி, திங்கள் காலையில் போகும்படி நேரம் குறித்து வைக்கலாம்.

மருத்துவமனையிலும் காவல் பணியிலும் ஞாயிறு வேலை தவிர்க்க முடியாதது. ஓய்வுநாளில் துரவில் விழுந்த எருதைத் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசு கேட்டார். அப்படிப்பட்டவர்கள் வாரத்தில் வேறொரு நாளை முழுதாக எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த நாளைப் பணிப்பட்டியல் வெளிவருமுன் கேட்டு வைக்க வேண்டும். வந்தபின் கேட்டால் அது இன்னொருவருடைய ஓய்விலிருந்துதான் எடுக்கப்படும்.